சாமிக்குப் பச்சைக் கற்பூரம், ஆசாமிக்குக் குழாய்த் தண்ணி

மே மாசம். கங்காதர நெல்லூர் பக்கத்துல ஒரு வீட்டுத் தாழ்வாரம். ஆவக்காய்க்கு மாங்காய் வெட்டிட்டிருக்காங்க ஒரு அம்மா. ஆவக்காய்னா சும்மா இல்ல, கொட்டை ஓட்டோட சேத்துப் பிளக்கணும். அருவாமணையில அழுத்தித் தள்ளும்போது காய் வழுக்கும். வழுக்குச்சு. கட்டை விரல்ல ஒரு வெட்டு.

அவ்ளோதான், டாக்டருங்க வந்துட்டாங்க.

மாமியார் அஞ்சறைப் பெட்டியோட வந்தாங்க: "பசுப்பு பெட்டு, தக்கிப்போத்துந்தி." (மஞ்சள் வை, சரியாயிடும். தமிழ்லயே சண்டை போட்டாலும் அந்த வீட்ல வைத்தியம் மட்டும் தெலுங்குல.) பக்கத்து வீட்டு அக்கா கையில காப்பித்தூள். வெத்தலை போடுற சித்தப்பா கையில சுண்ணாம்பு டப்பா. காலேஜ் படிக்கிற பையன் டெட்டால் பாட்டிலைத் திறந்து அப்படியே கவுக்க ரெடி. இன்னொருத்தர் செல்போனைத் தடவிட்டு, "டூத்பேஸ்ட் வைக்கலாமாம்"ங்கறார். அது தீக்காயத்துக்குன்னு வந்த ஃபார்வர்டு. (அதுக்கும் வைக்கக் கூடாது. அந்தக் கதைக்குப் பின்னால வருவோம்.)

குழாய் ரெண்டடி தள்ளி இருக்கு. ஒருத்தரும் அதைத் திறக்கல.

இது அந்த ஒரு வீட்டுக் கதை இல்லைன்னு படிக்கிற உங்களுக்கே தெரியும். சித்தூர், வேலூர், திருத்தணி, எங்க போனாலும் இதே நாடகம்தான். டப்பா மட்டும் மாறும். காயத்துல எதையாவது பூசியே ஆகணும்ங்கற அவசரம் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சா, ஒரு சந்தேகம் வருது. இந்தச் சீமையில சாமிக்கே அடிபட்டிருக்கு. அதுவும் ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

திருமலைக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சது. ராமானுஜரோட சிஷ்யர் அனந்தாழ்வான் மலை மேல நந்தவனம் வைக்கறதுக்காகக் குளம் வெட்டறார். மண்ணு சுமக்கறது அவரோட கர்ப்பிணி மனைவி. ஒரு பையன் வந்து கூடையை வாங்கி ஒத்தாசை பண்றான். 'என் கைங்கரியத்துல நீ எப்படிப் பங்கு கேக்கலாம்'னு கோவம் வந்து அனந்தாழ்வான் கடப்பாறையை வீசறார். பையன் மோவாயில படுது, ஓடிப் போறான். சந்நிதியில போய்ப் பாத்தா பெருமாள் மோவாயில ரத்தம். பதறிப் போய்ப் பச்சைக் கற்பூரத்தை அப்பினாங்க. இன்னைக்கும் மூலவர் மோவாயில அந்த வெள்ளைப் பொட்டு இருக்கு. அந்தக் கடப்பாறையும் கோயில் நுழைவாசல் சுவர்ல தொங்குது. இத்தனை நூற்றாண்டா டிரெஸ்ஸிங் மாத்திட்டே இருக்கிற காயம் உலகத்துல வேற எங்கயும் இருக்காது.

ரெண்டாவது காளஹஸ்தி. சிவலிங்கத்தோட கண்ணுல ரத்தம் வந்ததும் வேடன் திண்ணன் (அதான் நம்ம கண்ணப்பர்) உடனே தன் கண்ணைத் தோண்டிடல. அந்த இடத்தை நிறைய பேர் மறந்துடறாங்க. முதல்ல காட்டுக்குள்ள ஓடி பச்சிலை தேடிக் கொண்டாந்து பிழிஞ்சு விட்டுப் பாத்தார். நிக்கல. அப்புறம்தான் கண்ணு. மூணாவது காணிப்பாக்கம்: கிணத்தைத் தூர் வாரும்போது மண்வெட்டி பிள்ளையார் மேல பட்டு, கிணறு பூரா ரத்தமாச்சுன்னு தல வரலாறு சொல்லுது.

சாமிக்குச் செஞ்சதைச் சாமியோட விட்டுடணும். பச்சைக் கற்பூரமோ சூடமோ, கற்பூர வகை எதையும் கிழிஞ்ச தோல்ல வைக்கக் கூடாது. புண் வழியா உடம்புக்குள்ள போயிடும். குழந்தைங்க கொஞ்சம் முழுங்கினாலே வலிப்பு வரலாம். பெருமாளுக்கு அந்தப் பிரச்சினை இல்ல.

சரி, குழாய்க்கு வருவோம்.

சின்ன வெட்டு, சிராய்ப்பு, கீறல் எதுவானாலும் முதல் வேலை கையைக் கழுவிக்கறது. காயம் பட்டவங்க கையை இல்ல, வைத்தியம் பாக்க வந்தவங்க கையை. (இதைச் சொன்னா சித்தப்பா கோவிச்சுப்பார். பரவாயில்ல.) மோதிரம் போட்ட விரல்னா வீங்கறதுக்கு முன்னாடியே கழட்டிடணும். அப்புறம் ஓடுற தண்ணியில காயத்தை நல்லாக் காட்டி அஞ்சு நிமிஷம் கழுவணும். காயத்தைச் சுத்தி சோப்பு போடலாம், உள்ள வெறும் தண்ணி போதும். மண்ணு, முள்ளு, ஜல்லித் தூள் இருந்தா அதைத் தண்ணியே இழுத்துட்டுப் போகும். மிச்சம் ஒட்டிட்டிருந்தா சுத்தம் பண்ணின இடுக்கியால எடுக்கணும்.

"குழாய்த் தண்ணியா? கிருமி இருக்காதா?"ன்னு கேப்பீங்க. ஆஸ்பத்திரியில உபயோகிக்கற ஸ்டெரைல் சலைனையும் குழாய்த் தண்ணியையும் வெச்சுக் கழுவின ஆய்வுகளை எல்லாம் காக்ரேன் அமைப்பு ஒண்ணாச் சேத்துப் பாத்துச்சு. குடிக்கிற தரத்துல இருக்கிற குழாய்த் தண்ணியால சீழ் பிடிக்கறது கூடினதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல. தண்ணி குடிக்க லாயக்கா இருக்கணும், அதான் கணக்கு. மாடித் தொட்டியில பாசி படிஞ்ச தண்ணின்னா கொதிக்க வெச்சு ஆற வெச்சது. இன்னும் திருப்தி வேணும்னா அந்தத் தண்ணி ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டா நீங்களே சலைன் கம்பெனி.

கழுவினதும் ரத்தம் வரும். வரட்டும், பயப்படாதீங்க. சுத்தமான துணியை மடிச்சு வெச்சு அழுத்தணும். கடிகாரம் பாத்துப் பத்து நிமிஷம். நம்ம ஆளுங்க தோக்கற இடமே இதுதான். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கி, "நின்னுடுச்சா?"ன்னு பாப்பாங்க. நிக்கப் போற ரத்தம் அந்தப் பார்வையிலயே மறுபடி கசியும். ரத்தம் உறைஞ்சு வலை கட்டறதுக்கு அதைத் தொந்தரவு பண்ணாம விடணும். துணி நனைஞ்சா மேலயே இன்னொரு துணி வைக்கணும், அடியில இருக்கறதைப் பிடுங்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

காப்பித்தூள் வெச்சா ரத்தம் நிக்குதேன்னு அக்கா கேப்பாங்க. தூளை வெச்சு விரலை இறுக்கிப் பிடிச்சாங்க இல்ல, அந்தப் பிடிதான் நிறுத்துச்சு. பேர் காப்பித்தூளுக்குப் போயிடுச்சு. அப்புறம் டாக்டர் கிட்ட போனா, காயம் எவ்ளோ ஆழம்னு பாக்கறதுக்கே அவர் முதல்ல அந்தத் தூளை ஒவ்வொண்ணாச் சொரண்டணும். வலி யாருக்கு?

இப்ப மாமியாரோட பசுப்பு. இதைத் தொடறதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்.

1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு பேட்டன்ட் கிடைச்சுது. விஷயம்: மஞ்சளை வெச்சுக் காயத்தை ஆத்தற முறை. வாங்கின ரெண்டு பேருமே இந்திய வம்சாவளின்னு சொல்வாங்க. நம்ம சி.எஸ்.ஐ.ஆர். சும்மா விடல. மஷேல்கர் தலைமையில இருந்த நேரம். 'இது எங்க பாட்டிங்களுக்கே தெரியும்'னு பழைய நூல்கள்லேர்ந்தும் 1953-ல இந்திய மருத்துவச் சங்க இதழ்ல வந்த கட்டுரையிலேர்ந்தும் ஆதாரம் திரட்டிப் போய் நின்னாங்க. 1997-ல அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ் அதை ரத்து பண்ணுச்சு. நாடே கொண்டாடுச்சு. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனா அந்தத் தீர்ப்புல ஒண்ணு கவனிக்கணும். மஞ்சள் வைத்தியம் 'புதுசு இல்ல'ன்னு நிரூபிச்சதால பேட்டன்ட் போச்சு. மத்த மருந்தைவிட 'நல்லது'ன்னு யாரும் அங்க வாதாடல, அது கேள்வியும் இல்ல. வாட்ஸப்புல மட்டும் ரெண்டையும் ஒண்ணாக் குழைச்சு, அமெரிக்காவே ஒத்துக்கிட்ட மருந்துன்னு சுத்தவிடறாங்க.

மஞ்சள்ல இருக்கிற குர்குமினுக்கு வீக்கத்தைக் குறைக்கற, கிருமியைத் தடுக்கற குணம் இருக்குன்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. அது சுத்திகரிச்ச மஞ்சள். அஞ்சறைப் பெட்டியில இருக்கறது வேற சாதி. சாம்பார் கொதிக்கும்போது ஆவி அடிச்ச ஸ்பூனையே திரும்பத் திரும்ப அதுல விட்டிருக்கோம். மண்ணுக்குள்ள விளைஞ்ச கிழங்கு, களத்துல காய வெச்சது, மில்லுல அரைச்சது. வித்துப் பருவத்துல தூங்கிட்டிருக்கிற பாக்டீரியா மசாலாத் தூள்கள்ல சகஜம். கொதிக்கிற குழம்புல போட்டுச் சாப்பிடற பொருளை அப்படியே திறந்த காயத்துல கொட்டினா கணக்கு மாறிடுது. ரசத்துல தாராளமாப் போடுங்க. விரல்ல வேண்டாம்.

பச்சிலைக் கட்சிக்காரங்க இந்நேரம் எழுந்து நின்னிருப்பாங்க. வெட்டுக்காயப் பூண்டு! கிணத்தடிப் பூண்டுன்னும் சொல்வாங்க. சின்ன வயசுல தலையைச் சுண்டி விளையாடின தாத்தாப் பூச்செடியேதான். வரப்பு ஓரம், ரோட்டோரம், ஆஸ்பத்திரி காம்பவுண்டு ஓரம், எங்க பாத்தாலும் மஞ்சள் நடுவோட நிக்கும். தெலுங்குல கட்டி சாமந்தி. கரும்பு வெட்டறவங்க கையில வெட்டுப் பட்டா முதல்ல தேடறது இதைத்தான். கசக்கிப் பிழிஞ்சா ரத்தம் நிக்கும்ங்கறது பல தலைமுறை அனுபவம். எலிகள் மேல ஆய்வும் நடந்திருக்கு. ஒரு வேடிக்கை பாருங்க: இந்தச் செடியோட பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதி. கப்பல் ஏறி வந்து நம்ம ஊர்ல ஆயுர்வேத வேஷம் கட்டினது. கண்ணப்பர் தேடின பச்சிலை நிச்சயமா இது இல்ல.

செடி மேல குத்தம் இல்ல. அது நிக்கற இடம்தான் இடிக்குது. ஆடு மேயற வரப்புல, மாட்டுச் சாணி காயற ஓரத்துல பறிச்ச இலையைக் கழுவாம அழுக்குக் கையால கசக்கி விடறோம். டெட்டனஸ் கிருமி குடியிருக்கிற விலாசம் அதேதான்: மண்ணு, சாணி. துருப்பிடிச்ச ஆணிக்கும் இதே கதை. துரு பாவம், அது ஒண்ணும் பண்றதில்ல. ஆணியில ஒட்டின மண்ணும், அது போடற ஆழமான ஓட்டையும்தான் வில்லன். காத்துப் போகாத ஆழத்துலதான் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம்.

அப்ப டி.டி. ஊசி?

இதுலயும் ரெண்டு கட்சி. பென்சில் குத்தினாலும் ஓடிப் போய் ஊசி போட்டுக்கறவங்க ஒரு பக்கம், ஆணி பாதத்துல ஏறினாலும் பல்லைக் கடிச்சுட்டு வேலைக்குப் போறவங்க ஒரு பக்கம். கணக்கு ரொம்ப எளிசு. சின்ன வயசு ஊசிகள் முழுசாப் போட்டவங்களுக்கு, சுத்தமான சின்னக் காயம்னா கடைசி ஊசி பத்து வருஷத்துக்குள்ள இருந்தாப் போதும். மண்ணு பட்டது, ஆழமானதுன்னா அஞ்சு வருஷம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவைங்கறது ஊர்ப் பேச்சு. கடைசியா எப்ப போட்டதுன்னே தெரியலன்னா போட்டுக்க வேண்டியதுதான். இப்ப அரசு ஆஸ்பத்திரிகள்ல டெட்டனஸோட டிப்தீரியாவுக்கும் சேத்து வர்ற டி.டி. (Td) தான் போடறாங்க. அட்டவணைப்படி 10 வயசுல ஒண்ணு, 16 வயசுல ஒண்ணு. பொம்பளைங்களுக்குக் கர்ப்பமா இருக்கும்போதும் போட்டுடறாங்க. பிரசவத்துல தாயையும் சேயையும் தாக்கற டெட்டனஸை 2015-லயே இந்தியா ஒழிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா 16-ஐத் தாண்டின ஆம்பளைங்களைக் கூப்பிட்டுப் போட ஆளே இல்ல. கரும்புத் தோட்டத்துலயும் கல் குவாரியிலயும் காலை வெட்டிக்கறது யாருன்னு பாத்தா, பெரும்பாலும் அவங்கதான்.

கழுவியாச்சு, ரத்தம் நின்னாச்சு. அடுத்து என்ன? "கட்டுப் போடாத, காத்து படட்டும், காஞ்சு பொருக்கு கட்டட்டும்." நம்ம வீடுகள்ல இதுக்கு மறுபேச்சே கிடையாது.

1962-ல லண்டன்ல ஜார்ஜ் வின்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் பன்னித் தோல்ல சின்னச் சின்னக் காயங்கள் பண்ணி, சிலதை பாலிதீன் படலத்தால மூடினார், சிலதைக் காத்துல விட்டார். மூடினதுல புதுத் தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல மூடிக்கிச்சு. நேச்சர் இதழ்ல வந்த அந்தக் கட்டுரைதான் இன்னைக்கு உலகம் பூரா ஆஸ்பத்திரிகள்ல காயத்தை ஈரப்பதம் போகாம மூடி வைக்கறதுக்கு அடிப்படை. காரணம் பெரிய ரகசியம் இல்ல. ஓரத்துலேர்ந்து புது செல்கள் ஊர்ந்து வந்துதான் நடுவுல சேரணும். ஈரமா இருந்தா மேலாக நகரும். காஞ்ச பொருக்கு இருந்தா அதுக்கு அடியில பொந்து தோண்டிட்டுப் போகணும். இது தெரிஞ்சு அறுபது வருஷம் தாண்டியாச்சு, நம்ம தாழ்வாரத்துக்கு இன்னும் சேதி வந்து சேரல.

அதனால மூடுங்க. சின்னதுக்கு பேண்ட் எய்ட் போதும். (அதுவும் சமையல்கட்டுல பிறந்ததுதான். 1920-ல ஜான்சன் அண்ட் ஜான்சன்ல வேலை பாத்த ஏர்ல் டிக்சன், காய் நறுக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கற மனைவி ஜோசபினுக்காக ஒட்டுநாடா மேல காஸ் துணித் துண்டை வெச்சுப் பண்ணினார். மனைவி விரலைப் பாத்தே ஒரு கண்டுபிடிப்பு பண்ணின புருஷன்.) பெருசுக்கு ஒட்டாத காஸ் வெச்சு டேப். நனைஞ்சாலோ அழுக்கானாலோ மாத்தணும், இல்லைன்னா ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி விட்டு ஊற வெச்சு எடுங்க. 'ஒரே இழுப்பா இழுத்தா வலிக்காது'ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. வலி மட்டும் இல்ல, நேத்து முளைச்ச தோலும் அதோட வந்துடும்.

மேல என்ன தடவறதுன்னு விடாம கேக்கறவங்களுக்கு: வாசலின். வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. 1996-ல ஜாமா இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. சின்ன அறுவை முடிஞ்ச 922 பேர்ல பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் வெள்ளை வாசலின். சீழ் பிடிக்கறதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்ல. நம்ம ஊர்ல மெடிக்கல் ஷாப்ல சின்னக் காயத்துக்குக்கூட ஆன்டிபயாடிக் பவுடர் டப்பாவை நீட்டறாங்க. அதுல பலதுல இருக்கிற நியோமைசின் சில பேருக்குத் தோல்ல ஒவ்வாமை கிளப்பும். புண் ஆறலன்னு இன்னும் கொஞ்சம் தூவுவாங்க, இன்னும் அரிக்கும். ஸ்பிரிட்டு, நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணி கலக்காத டெட்டால் எல்லாம் கிருமியோட சேத்து நம்ம புது செல்லையும் கொல்லும். எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு ஒரு நம்பிக்கை. எரியறது மருந்தோட திறமை இல்ல, உங்க தோல் போடற கூப்பாடு.

இப்ப டூத்பேஸ்ட். தீக்காயம்.

சித்தூர் ஜில்லாவுல வெல்லம் காய்ச்சற கொட்டகைக்குப் போனவங்களுக்குத் தெரியும். பெரிய இரும்புக் கொப்பரையில கரும்புச்சாறு கொதிச்சுக் கொதிச்சுப் பாகாகும். பதம் வர்றப்ப சூடு 110 டிகிரியைத் தாண்டிடும், கொதிக்கற தண்ணியைவிட அதிகம். தண்ணி தெறிச்சா வழிஞ்சு ஓடிடும். பாகு தெறிச்சா தோல்ல ஒட்டிக்கிட்டு உக்காந்து சுடும். ஒரு பொட்டுத்தானேன்னு விரலால வழிச்சு எடுக்கப் பாத்தா அந்த விரலும் போச்சு, தோலும் கூடவே உரியும். அங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஓடற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். பாகு தானா இறுகிக் கழண்டு போற வரைக்கும். ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கித் தோலை இன்னும் கெடுக்கும்.

20 நிமிஷம்ங்கறது நீளமான நேரம். அந்த நேரத்துலதான் மத்த வைத்தியர்கள் வருவாங்க. பேனா மை, இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு, பேஸ்ட். தோசைக்கல்லுல கையைச் சுட்டுக்கிட்டா பக்கத்துலயே மாவுப் பாத்திரம் இருக்கறதால அதுல முக்கறது தமிழ்நாட்டுலயும் சித்தூர்லயும் பொதுவான வழக்கம். குளுகுளுன்னு இருக்கும்தான். ஆனா புளிச்ச மாவுல இருக்கறதே உயிரோட நுரைக்கிற நுண்ணுயிர்ங்கதானே! வெந்த தோலை அதுக்குள்ள விடறதா? குளிர்ச்சிதான் வேணும்னா அதைக் குழாயே தருது. (மறுநாள் அந்த மாவுல தோசை சுட்டாங்களான்னு கேக்க வேண்டாம்.)

எல்லா வீட்டுப் பொருளும் குப்பைன்னு சொல்லல. உருளைக்கிழங்குத் தோலை வேக வெச்சுச் சுத்தம் பண்ணித் தீக்காயத்துக்குக் கட்டா உபயோகிக்கலாம்னு 1985-ல பம்பாய்லேர்ந்து கேஸ்வானி எழுதினார். வாழையிலைக் கட்டைப் பத்தி 2003-ல 'பர்ன்ஸ்' இதழ்லயே இந்திய டாக்டருங்க கட்டுரை எழுதினாங்க. ஒட்டாது, மலிவு, எடுக்கும்போது வலிக்காது. ஆனா அதெல்லாம் ஆஸ்பத்திரியில கிருமிநீக்கம் பண்ணின இலை. பந்தியிலேர்ந்து எடுத்தது இல்ல. அதோட, அதைத் தேர்ந்தெடுத்ததே ஒட்டாம மூடும்ங்கறதுக்காகத்தான்.

கொப்புளம் வந்தா உடைக்காதீங்க. உள்ள இருக்கற நீரும் மேல இருக்கற தோலும் சேந்து உடம்பே போட்ட டிரெஸ்ஸிங். திருமலைக்கு அலிபிரி வழியா 3550 படி ஏறினவங்களுக்குப் பாதத்துல வர்றதும் இதுதான். வேண்டுதல்னு வெறுங்காலோட, மத்தியானக் கல்லுல. ஸ்ரீவாரிமெட்டுல 2388 படிதான், ஆனா செங்குத்து. கொப்புளம் தானா உடைஞ்சா கழுவி, மேல் தோலைக் கத்தரிக்காம அப்படியே படிய வெச்சு மூடுங்க. மேல கல்யாணகட்டாவுல மொட்டை அடிக்கும்போது சவரக் கத்தி லேசாக் கீறிட்டாலும் பயமுறுத்தற அளவுக்கு ரத்தம் வரும். தலைத்தோல்ல ரத்த நாளம் அதிகம், அதான். சந்தனத்தைக் கீறல் இல்லாத இடத்துல பூசுங்க. கீறல் இருக்கிற இடத்தைக் கழுவி அழுத்திப் பிடிச்சாப் போதும். முக்கியமா, புது பிளேடு போட்டாங்களான்னு உக்காரறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும். மஞ்சள் காமாலை பி-யும் எச்.ஐ.வி-யும் பழைய பிளேடுல வரக்கூடிய சமாச்சாரம்.

மாம்பழக் காலத்துப் புண் இன்னொண்ணு. கிளிமூக்கு மாங்காய் பறிக்கிற காலத்துல தோட்டத்துல வேலை செய்யறவங்க முகத்துலயும் கழுத்துலயும் கருகின மாதிரி திட்டு இருக்கும். காம்பு ஒடியும்போது பீய்ச்சற பால். அது தோலை அரிச்சுக் கொப்புளமாக்கும். பட்டதும் சோப்பு போட்டுக் கழுவிட்டா பாதிப் பிரச்சினை தீரும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாம்னு இருந்தா வாரக்கணக்குல தழும்பு நிக்கும்.

இதுவரைக்கும் பேசினது உணர்ச்சி இருக்கிற காலுக்கும் கைக்கும். உணர்ச்சி இல்லாத காலுக்குச் சட்டமே வேற. அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னது பக்கத்துல இருக்கிற வேலூர்தான்.

பால் பிராண்ட் 1914-ல கொல்லிமலையில பிறந்தவர். லண்டன்ல படிச்சுட்டு 1946-ல வேலூர் சி.எம்.சி-க்கு அறுவை மருத்துவரா வந்தார். அப்ப தொழுநோயாளிங்க விரலும் பாதமும் 'அழுகி விழுது'ன்னுதான் டாக்டருங்களே நம்பினாங்க. பிராண்ட் கூடவே இருந்து கவனிச்சார். சதை தானா அழுகல. வலி தெரியாததால முள்ளு மேல மிதிக்கறாங்க, கொதிக்கற பாத்திரத்தைப் பிடிக்கறாங்க, புண்ணோடயே மைல் கணக்குல நடக்கறாங்க. நாமன்னா நொண்டுவோம், அவங்க நொண்டறதே இல்ல. ராத்திரியில விரல் காணாமப் போறது ஏன்னு பாத்தா, தூங்கும்போது எலி கடிச்சிருக்கு, அதுவும் உறைக்கல. அதுக்கு பிராண்ட் குழு எழுதிக் கொடுத்த மருந்து, ஆளுக்கு ஒரு பூனை! பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பினதும், வருஷக்கணக்கா ஆறாத புண்ணெல்லாம் ஆறிச்சு. அந்தப் பாடத்துலேர்ந்து வந்ததுதான் மெத்துனு இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு.

இப்ப அதே பாடம் சர்க்கரைக்காரங்களுக்கு. சென்னை டாக்டர் மோகன் குழுவும் ஐ.சி.எம்.ஆரும் சேந்து நடத்தி 2023-ல வெளியிட்ட ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை. நரம்பு மரத்துப் போன காலுக்குச் செருப்புக்குள்ள கிடக்கற கல்லு தெரியாது. அவங்க கால்ல 'சின்னக் காயம்'னு ஒண்ணு கிடையவே கிடையாது. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாதத்தைக் கண்ணாடி வெச்சுப் பாக்கணும், சுடுதண்ணியைக் காலால சோதிக்கக் கூடாது, ஆணிக்கால் பிளாஸ்திரி ஒட்டக் கூடாது. கீறல் தெரிஞ்சா அன்னைக்கோ மறுநாளோ டாக்டர் கிட்ட காட்டிடணும். படி ஏறற வேண்டுதல் இருந்தா முதல்ல டாக்டரைக் கேளுங்க. மலைக்கு பஸ்ஸும் போகுது, பெருமாள் ரெண்டு டிக்கெட்டையும் ஒண்ணாத்தான் பாக்கறார்.

மத்தவங்களும் எப்ப வீட்டு வைத்தியத்தை நிறுத்தணும்? கால் மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிக்கலன்னா. காயத்தோட வாய் பிளந்து உள்ள கொழுப்பு தெரிஞ்சா. முகத்துல, மூட்டு மேல ஆழமா இருந்தா. விரல் மடங்கலன்னா, மரத்துப் போச்சுன்னா. ரெண்டு மூணு நாள் கழிச்சும் வீக்கமும் சிவப்பும் பரவிக்கிட்டே போனா, காய்ச்சல் வந்தா. தையல் போடறதுன்னா சில மணி நேரத்துக்குள்ள போகணும். மறுநாள் சாவகாசமாப் போனா, "ஏன் நேத்தே வரல"ன்னு திட்டு வாங்கலாம்.

கடைசியா ஒண்ணு. சின்னக் கீறல்தானேன்னு யாரும் கண்டுக்காத நாய்க் கீறல்.

குட்டி நாய் விளையாட்டுக்குப் பல்லு பட வெச்சாலும், நகத்தால கீறினாலும், ரத்தமே வரலன்னாலும் அது வீட்டுக் காயம் இல்ல. சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் முழுசாக் கழுவுங்க. ரேபிஸ் கிருமியைத் தொடக்கத்துலயே குறைக்கறதுக்கு இதைவிட நல்ல வழி உங்க கையில வேற எதுவும் இல்ல. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் கிட்டயே வரக் கூடாது. கட்டும் போட வேண்டாம். கழுவினதும் நேரா ஆஸ்பத்திரி. தோல்ல போடற ஊசின்னா போற அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28-ஆவது நாள். ரத்தம் வந்த கடின்னா காயத்தைச் சுத்தியே போடற இம்யூனோகுளோபுலினும் கேட்டு வாங்குங்க. நோய் அறிகுறி வந்துட்டா அப்புறம் உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்ல.

தடுப்பூசி சித்தூர் அரசு ஆஸ்பத்திரியிலயும் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியிலயும் இலவசம். மூணாவது ஊசியோட நிறுத்திடாம நாலாவதையும் போய்ப் போட்டுக்கோங்க.